நெரிசலில் சைக்கிள்: சாலையில் எங்கே ஓட்டுவது, டிரைவர்களோடு உரசாமல் எப்படிப் போவது

நெரிசலான சாலையில் சைக்கிள் பழகுகிறவர்களுக்குத் துணையாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு நிறைய நாள் போயிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஓரத்தை ஒட்டியே போவார்கள், முன்னால் ஒரு குழியோ நிறுத்தி வைத்த காரோ வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டென்று நடுவுக்கு ஒடிப்பார்கள், பின்னால் வருகிறவர் பதறிப்போய் ஹார்னை அழுத்துவார், அப்புறம் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்வார்கள். சைக்கிள் நடுவில் போனாலே டிரைவருக்குக் கோபம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை, சொல்லாமல் கொள்ளாமல் நடுவுக்கு வருவதுதான் அவர்களை அதிகம் உலுக்குகிறது. முன்கூட்டியே வந்து நேராகப் போகிறவரைப் பார்த்து முனகலாம், ஆனால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். பின்னால் பார்க்கத் தெரியாமல் இடம் பிடிக்கப் போவது ஆபத்து. இடம் பிடிக்கத் தெரியாமல் பெரிய சந்திப்புக்குள் போவது அதைவிட ஆபத்து.

இரண்டு சொற்களை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஓரம் என்றால் நீங்கள் ஓட்டும் பக்கத்து நடைபாதை ஓரம். நடுக்கோடு என்றால் எதிரே வரும் வண்டிகளைப் பிரிக்கும் கோடு. இடப்பக்கம் ஓட்டும் நாடானாலும் வலப்பக்கம் ஓட்டும் நாடானாலும் கணக்கு ஒன்றுதான்.

1. ஆளில்லாத இடத்தில் பின்னால் பார்க்கப் பழகுங்கள்

பிரேக் இரண்டும் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, பெல்லும் விளக்கும் வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் எந்தச் சாமானும் கட்டாயமில்லை. உண்மையில் தேவைப்படுவது ஒரு திறமை: சைக்கிள் கோணாமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது.

புதியவர் தலையைத் திருப்பினால் தோள் திரும்பும், தோளோடு கை திரும்பும், கையோடு ஹேண்டில்பாரும் திரும்பும். எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே, அதாவது வண்டிகள் வரும் பக்கமே, சைக்கிள் அரை மீட்டர் சாய்ந்துவிடும். இதைத் தடுக்க முழங்கைகளைத் தளர்த்திக்கொண்டு, உடம்பைத் திருகாமல் தாடையை மட்டும் தோளில் வைக்கப்போவது போலத் திருப்புங்கள். கழுத்து இறுக்கமானவர்கள், பார்க்கும் பக்கத்துக் கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டால் சுலபமாக வரும்.

காலி மைதானத்தில் ஒரு நேர்கோட்டின் மேல் ஓட்டுங்கள். பின்னால் நிற்கும் நண்பர் விரல்களைக் காட்டட்டும், எத்தனை என்று நீங்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும். கோட்டை விட்டு விலகாமல் தொடர்ந்து பத்து முறை சரியாகச் சொன்னால் சாலைக்கு வரலாம். ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டியிருந்தாலும் இந்தப் பயிற்சியை விடாதீர்கள். கண்ணாடியில் தெரியாத மூலை எப்போதும் இருக்கும். இன்னொன்று, உங்கள் தலை திரும்புவதைப் பார்த்தாலே பின்னால் வருகிறவருக்கு ‘இவர் ஏதோ செய்யப்போகிறார்’ என்று புரிந்துவிடும், கண்ணாடி அந்தச் சேதியைச் சொல்லாது.

2. ஓரத்தை ஒட்டாதீர்கள்

ஒரு சின்னக் கணக்கு. தடம், அதாவது ஒரு வரிசை வண்டிகள் போகும் பட்டை, 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஓட்டுகிறீர்கள். ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர் என்றால் அதன் உள்முனை ஓரத்திலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கும். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் கார் ஏறக்குறைய 2 மீட்டர். மிச்சம் 20 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. ஆனால் பின்னாலிருந்து பார்க்கும் டிரைவருக்கு அந்த இடைவெளி போதும் போலத் தோன்றும். நீங்கள் ஓரத்தில் ஒண்டினால், ‘பரவாயில்லை, நுழைந்து போங்கள்’ என்று நீங்களே கூப்பிட்டது மாதிரிதான்.

அதோடு சாக்கடைக் கம்பி மூடி, கண்ணாடிச் சில்லு, மணல், உடைந்த தார் விளிம்பு எல்லாம் சேர்வது ஓரத்தில்தான். சறுக்கினால் ஒதுங்க இடமும் இருக்காது.

சாலையில் உங்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது ஓர நிலை: ஓடும் வண்டிகளின் பாதைக்கு ஒரு மீட்டர் அளவு ஓரமாக, ஆனால் சாலை விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல். தடம் அகலமாக இருந்து, உங்களை முந்தும் வண்டிக்கு 1.5 மீட்டர் இடைவெளி கிடைக்கும் என்றால் இங்கே இருங்கள். இரண்டாவது நடு நிலை: தடத்தின் சரியான மையம். தடம் குறுகும்போதும், சந்திப்பு நெருங்கும்போதும், வளைவிலும், ரவுண்டானாவிலும், நிறுத்திய கார்களைக் கடக்கும்போதும், மற்ற வண்டிகளின் வேகமும் உங்கள் வேகமும் ஒன்றாகிவிடும்போதும் இங்கே வந்துவிட வேண்டும்.

நடு நிலையில் டிரைவரின் பார்வைக்கு நேராக இருக்கிறீர்கள். உங்களை முந்த அவர் அடுத்த தடத்துக்குப் போயே ஆக வேண்டும், எதிரே வண்டி வந்தால் காத்திருந்தே ஆக வேண்டும். இது திமிர் இல்லை. பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு 2022-இல் திருத்தப்பட்டபோது, அமைதியான சாலையிலும் வண்டிகள் மெதுவாக ஊரும் இடத்திலும் சந்திப்பை நெருங்கும்போதும் தடத்தின் மையத்தில் ஓட்டச் சொல்லியே எழுதினார்கள். ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளை முந்தும் கார் ஊருக்குள் குறைந்தது 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் கிடையாது. வண்டிகள் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பல தடச் சாலையில் நடு நிலையெல்லாம் எடுபடாது. அங்கே நான் வேறு வழி தேடுவேன், பத்து நிமிடம் கூடினாலும் சரி.

3. நிறுத்திய கார்களின் கதவு

கார் கதவு முழுதாகத் திறந்தால் ஒரு மீட்டருக்கு மேல்கூட நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் நிறுத்திய காரின் பக்கவாட்டிலிருந்து உங்கள் ஹேண்டில்பார் முனைக்கு 1.5 மீட்டர் விடுங்கள். 18 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 5 மீட்டர் போகிறீர்கள். கதவு திறப்பதைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு விநாடி எடுத்தால் அதற்குள் 5 மீட்டர் கடந்திருப்பீர்கள், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் மேல். கண் கூர்மையாக இருந்தால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அந்த இடத்தில் இல்லாமல் இருப்பதுதான் ஒரே வழி.

இங்கே இன்னொரு தப்பு நடக்கும். இரண்டு கார்களுக்கு நடுவே காலியிடம் கண்டதும் மரியாதைக்காக ஓரம் போய், அடுத்த கார் வந்ததும் மறுபடி வெளியே வருவார்கள். இப்படிப் பாம்பு போல நெளிந்தால் கார்களின் மறைவிலிருந்து திடீர் திடீரென்று முளைப்பது போல இருக்கும், ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவரின் தயவைக் கேட்க வேண்டியும் வரும். காலியிடம் பத்து விநாடி ஓட்டத்துக்காவது, அதாவது மேலே சொன்ன வேகத்தில் 50 மீட்டராவது, இருந்தால் ஓரம் போங்கள். இல்லையென்றால் நேர்கோட்டிலேயே இருங்கள்.

நீங்களும் காரில் போகிறவர்தானே. கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் திறந்து பழகுங்கள், டச்சு ரீச் என்று இதைச் சொல்வார்கள். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

4. இடம் மாறும் வரிசை

சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முன்னால் 50 மீட்டரில் ஒரு லாரி ஓரமாக நிற்கிறது. அதை எட்டப் பத்து விநாடி இருக்கிறது. முதலில் பின்னால் பாருங்கள். யார் வருகிறார், எவ்வளவு வேகம், இடைவெளி உண்டா? இடைவெளி இருந்தால் கையை நீட்டுங்கள், முழங்கை மடங்காமல், தோள் உயரத்துக்கு, இரண்டு மூன்று விநாடி. கையை மறுபடி ஹேண்டில்பாரில் வைத்துவிட்டு இன்னொரு தடவை பின்னால் பாருங்கள். அவர் வேகத்தைக் குறைத்திருந்தால் மட்டும் மெல்லச் சரிந்து வாருங்கள். லாரிக்கு 15, 20 மீட்டர் முன்பே நடு நிலையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இரண்டாவது பார்வையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கையைக் காட்டிவிட்டோம், வழி கிடைத்துவிட்டது என்ற நினைப்பு. கை காட்டுவது கேள்வி மட்டும்தான். காரின் மூக்கு லேசாகத் தாழ்வதும் எஞ்சின் சத்தம் இறங்குவதும்தான் பதில். பார்க்கும்போது சக்கரத்தையோ பானெட்டையோ பார்க்காமல் டிரைவரின் முகத்தைப் பாருங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டவருக்கு வழி விடும் மனம் வரும், பின்னாலிருந்து வெறும் ஹெல்மெட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அது சீக்கிரம் வராது.

அவர் விடவில்லையா? விடவில்லை, அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து ஓரத்திலேயே இருந்து அடுத்தவரிடம் கேளுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது வண்டி விட்டுவிடும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப்போய் நின்றுவிட்டால் மட்டும் வெளியே வருவது கஷ்டம், அதனால் ஒரு சைக்கிள் நீளமாவது இடம் விட்டு நில்லுங்கள்.

பல தடச் சாலையில் நடுக்கோட்டுப் பக்கமாகத் திரும்ப வேண்டுமானால் ஒவ்வொரு தடத்துக்கும் இந்த வரிசையை முழுதாக மறுபடி செய்யுங்கள். ஒரே வீச்சில் குறுக்கே அறுத்துக்கொண்டு போகாதீர்கள். நெரிசல் அதிகமாக இருந்தால் சந்திப்பைத் தாண்டி ஓரமாக இறங்கி, நடந்து தள்ளிக்கொண்டு கடந்துவிடலாம். எத்தனையோ வருடம் ஓட்டியவர்களும் இதைச் செய்கிறார்கள், நானும் செய்கிறேன்.

5. சந்திப்புகள்

நேராகப் போகும் சைக்கிளுக்குச் சந்திப்பில் மூன்று விதமாக ஆபத்து வரும்.

உங்களை முந்திவிட்டு உடனே உங்கள் குறுக்கே ஓரப் பக்கமாகத் திரும்பும் கார் முதலாவது. இதற்கு மருந்து, சந்திப்புக்கு 20, 30 மீட்டர் முன்பே நடு நிலைக்கு வந்துவிடுவது. முந்த இடமில்லாமல் போனால் உங்களுக்குப் பின்னாலேயே வந்து, நீங்கள் கடந்த பிறகு திரும்புவார்.

இரண்டாவது, எதிரே வந்து உங்கள் குறுக்கே திரும்பும் வண்டி. உங்கள் முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தால் அதன் மறைவில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். வேன் போனதும் வழி காலி என்று நினைத்துத் திரும்பிவிடுவார். பெரிய வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு சந்திப்பைக் கடக்காதீர்கள்.

மூன்றாவது, பக்கத்துத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் கார். முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ள தூண் ஒரு முழுச் சைக்கிளையே மறைத்துவிடும். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம், உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். கார் கிளம்புவது அதில்தான் முதலில் தெரியும். விரல்கள் பிரேக்கின் மேல் இருக்கட்டும். தெருமுனையைத் தாண்டும் வரை கொஞ்சம் நடுக்கோட்டுப் பக்கமாக நகர்ந்தால் அவர் கண்ணில் படும் நேரமும் கூடும், தப்பிக்க இடமும் கூடும்.

சிவப்பு சிக்னலில் காருக்குப் பக்கத்தில் நிற்காமல், வரிசையில் ஒரு காருக்குப் பின்னால் தடத்தின் மையத்தில் நில்லுங்கள். நிற்பதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். கனமான கியரில் கிளம்பினால் முதல் மூன்று நான்கு மீட்டருக்குச் சைக்கிள் தள்ளாடும், பின்னால் இருப்பவர் பொறுமை இழப்பதும் சரியாக அந்த விநாடிகளில்தான். ஒரு பெடலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு பச்சை விழுந்ததும் ஒரே மிதியில் கிளம்பிவிடுங்கள்.

ரவுண்டானாவில் ஒரே விதி: உங்கள் வழி வரும் வரை தடத்தின் மையத்தில் இருங்கள். வெளி விளிம்பை ஒட்டிச் சுற்றினால் வெளியேறும் ஒவ்வொரு வண்டியும் உங்களை அறுத்துக்கொண்டுதான் போகும்.

6. லாரியும் பஸ்ஸும்

இங்கே விதிவிலக்கு கிடையாது. லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவே இருக்கும் இடத்துக்குள் போகாதீர்கள். நின்றிருந்தாலும், சிக்னல் சிவப்பாக இருந்தாலும், அங்கே சைக்கிள் தடமே வரைந்திருந்தாலும் வேண்டாம். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திரும்புவதற்கு முன் சில லாரிகள் எதிர்ப்பக்கம் அகட்டும். அதைப் பார்த்து வழி விடுகிறார் என்று நினைத்து உள்ளே நுழைகிறவர்கள் உண்டு. இடைவெளி அகலமாக இருந்து, கண் முன்னாலேயே மூடிவிடும்.

லாரியின் மூக்குக்கு நேர் கீழேயும் டிரைவருக்குத் தெரியாது. நின்றால் பல மீட்டர் முன்னால் தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் பின்னாலேயே இருங்கள். லாரியே உங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் யோசிக்காமல் நடைபாதையில் ஏறிவிடுங்கள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை, அது இப்போதுதான் நின்றது என்று தெரிந்தால் மட்டும், நன்றாகத் தள்ளிக் கடக்கலாம். எப்போது நின்றது என்று தெரியாவிட்டால் பின்னால் காத்திருங்கள்.

7. நிற்கும் வண்டிகளுக்கு நடுவே

வண்டிகள் நின்றுவிட்டால் முன்னேறத் தோன்றும். முடிந்தவரை நடுக்கோட்டுப் பக்கமாகக் கடந்து போங்கள். முந்துகிறவர் அந்தப் பக்கம்தான் வருவார் என்று டிரைவர்கள் எதிர்பார்ப்பார்கள், ஓரப் பக்கம் பயணிகள் கதவைத் திறந்து இறங்குவார்கள். வேகம், நினைத்த இடத்திலேயே நிறுத்த முடிகிற அளவுக்கு. எந்த இடைவெளியில் திரும்பவும் வரிசைக்குள் புகுவது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காரையும் தாண்ட வேண்டும். இல்லையென்றால் வரிசை நகர ஆரம்பித்ததும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வரிசையில் யாராவது வேண்டுமென்றே ஒரு கார் அளவு இடம் விட்டு நிற்கிறார் என்றால் பிரேக்கைப் பிடியுங்கள். அந்த வழியாகக் குறுக்கே யாரோ வருகிறார்கள்.

8. மழையும் இருட்டும்

மழையில் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றும் வழுக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதற்காக முன்பே இடம் பிடிக்க வேண்டும். ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரேக், நனைந்தால் பிடிக்க நேரம் எடுக்கும். இருட்டில் விளக்கு இரண்டும் எரிய வேண்டும். மற்றபடி மேலே சொன்னதெல்லாம் அப்படியே, தூரங்களை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

9. ஹார்ன் அடித்தால்

ஹார்ன் கேட்டதும் புதியவரின் உடம்பு தானாக ஓரம் துள்ளும். அதுதான் விழ வைக்கிறது. ஹார்ன் அடித்தவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதை மனதில் வையுங்கள். எனக்குப் பயம், போனைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் வருகிறவரைத்தான்.

கோட்டை மாற்றாமல், வேகத்தை மாற்றாமல், ஒரு மூச்சு விட்டுத் திரும்பிப் பாருங்கள். முறைக்க வேண்டாம், பார்த்தால் போதும். நடு நிலையில் இருக்கக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். தடம் அகலமாகிவிட்டும் பழக்கத்தில் நடுவிலேயே போய்க்கொண்டிருந்தால் தப்பு உங்கள் பக்கம். ஓரம் போய்க் கையைத் தூக்குங்கள். காரணம் இருந்தால் அங்கேயே இருந்து, பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்ததும் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள். போகும்போது ஒருவராவது பதிலுக்குக் கையைத் தூக்குவார். ஆனால் ‘வாங்க, வாங்க’ என்று கைகாட்டி முந்தச் சொல்லாதீர்கள். எதிரே வண்டி வந்தால் அந்தப் பழி உங்களைச் சேரும்.

உரசுவது போல நெருக்கி முந்திப் போனவர் அடுத்த சிக்னலில் அகப்படுவார். ஜன்னலைத் தட்டி நியாயம் கேட்கத் தோன்றும். நான் ஒருமுறை கேட்டேன். பச்சை விழுந்தது, அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு அவர் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். நான் சொன்னது முழுக்கச் சரிதான், ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரும் இரும்புக்கூடு அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அதிலிருந்து அப்படி ஒருவர் முன்னால் நின்றால் நாலைந்து கார் தள்ளியே நிற்கிறேன்.

10. கோபம் முற்றினால், மோதிவிட்டால்

காரைத் தட்டாதீர்கள், கண்ணாடியைத் தொடாதீர்கள், பதிலுக்குத் திட்டாதீர்கள். கை பட்ட நிமிடத்தில் பேச்சு முழுதும் அவருடைய காரைப் பற்றி ஆகிவிடும், அவர் ஓட்டிய விதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்து அவரை முன்னால் விடுங்கள். அவரும் மெதுவாக்கினால் கார் நுழைய முடியாத வழியில் திரும்புங்கள், அல்லது நடைபாதையில் ஏறி ஆட்கள் இருக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். அவர் இறங்கி வந்தால் உங்களுக்கும் அவருக்கும் நடுவே சைக்கிள் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் பின்தொடர்ந்தால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள்.

வண்டி எண்ணைக் கண்டதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேமரா இருந்தால் ஒலியில் பதிவாகும், இல்லாவிட்டாலும் மனதில் நிற்கும். நின்றதும் எண், நிறம், நேரம், இடம், திசை ஐந்தையும் போனில் எழுதிவிடுங்கள். பதற்றம் தணிவதற்குள் பாதி மறந்துபோகும்.

மோதி விழுந்தால் முதலில் சாலையிலிருந்து விலகுங்கள், அசைய முடிந்தால். ‘ஒன்றுமில்லை, பரவாயில்லை’ என்று உடனே சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அதிர்ச்சியில் வலி தெரியாது, மணிக்கட்டும் கழுத்தும் பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். டிரைவரின் விவரம், பார்த்தவர் ஒருவரின் தொடர்பு, வண்டிகள் நின்ற நிலையில் படம், இதெல்லாம் முடிந்த பிறகு சைக்கிளைப் பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றி பிரேக்கில் உரசுகிறதா என்று கவனியுங்கள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவையை, அதாவது ஃபோர்க்கை, பக்கவாட்டில் நின்று பார்த்து, அதன் இரண்டு காலும் ஒன்றை ஒன்று மறைக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு கால் பின்னால் தள்ளித் தெரிந்தால் அது வளைந்திருக்கிறது, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போங்கள்.